புற்றுச் செல்லின் பசி

நாம் உண்ணும் சோறு செரித்துக் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. செல்கள் அதை ஆக்சிஜனின் துணைகொண்டு எரித்து ஆற்றல் பெறுகின்றன. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக எரிந்தால், ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் ஏறத்தாழ 30 கிடைக்கும்.

1920-களில் ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் ஒரு விந்தையைக் கண்டார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும், புற்றுத் திசு குளுக்கோஸை அரைகுறையாகச் சிதைத்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றியது. இவ்வழியில் கிடைப்பது 2 ஏ.டி.பி. மட்டுமே. ஆகவே அதற்குக் குளுக்கோஸ் மிகுதியாக வேண்டியிருந்தது.

இப்பசியே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. குளுக்கோஸை ஒத்த ஒரு மூலக்கூறில் கதிரியக்க ஃபுளோரின்-18-ஐப் பொருத்தி, 1976-இல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினர். செல் இதையும் குளுக்கோஸ் போலவே உள்ளே விடும். ஆனால் மேற்கொண்டு சிதைக்க இயலாது. கூனிமேடு, மரக்காணம் பக்கத்து உப்பளங்களை எண்ணிப் பாருங்கள். பாத்தியில் பாய்ந்த நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கும். அதுபோல உண்மைக் குளுக்கோஸ் சிதைந்து போகும், போலி தங்கிவிடும். ஃபுளோரின் வெளிவிடும் பாசிட்ரான், ஓர் எலெக்ட்ரானுடன் சேர்ந்து அழிகிறது. அப்போது தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. அவற்றைக் கொண்டு கணிப்பொறி வரையும் படமே 'பெட் ஸ்கேன்'. ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடங்களே. ஆகவே மறுநாளைக்குள் கதிரியக்கம் அநேகமாக அடங்கிவிடும்.

ஆனால் எல்லாப் புற்றும் ஒரே உணவை நாடுவதில்லை. புராஸ்டேட் சுரப்பியின் புற்று தொடக்கத்தில் குளுக்கோஸை அவ்வளவாக எடுக்காது. கொழுப்பையே பெரிதும் நாடும். எனவே அதைக் காண வேறு கதிரியக்கப் பொருள் வேண்டும். மூளையோ இயல்பாகவே குளுக்கோஸை மிகுதியாகச் செலவிடுவது. அங்கே கட்டியைப் பிரித்தறிவது கடினம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மரபணு மாற்றங்களால் சுண்டெலிகளின் நுரையீரலிலும் கணையத்திலும் புற்றை உண்டாக்கினர். நுரையீரல் கட்டி லியூசின் போன்ற அமினோ அமிலங்களை இரத்தத்திலிருந்து மிகுதியாக எடுத்தது. கணையக் கட்டி அவ்வாறு எடுக்கவில்லை. பிறந்த திசு வேறு; பசியும் வேறு!

பசியை அறிந்தால் மருந்துக்கு வழி பிறக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். செல் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதன் வேலையைத் தடுக்கும் மருந்தை அமெரிக்காவில் அவருடைய குழு உருவாக்கியது. அதைக் கொண்டு சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுற்ற குழந்தைகள் சிலருக்குத் தற்காலிக நலம் கிட்டியதை 1948-இல் அறிவித்தார்.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் ஒருவகை இரத்தப் புற்றின் செல்கள், ஆஸ்பரஜின் என்னும் அமினோ அமிலத்தைத் தாமே போதிய அளவு செய்துகொள்ளா. ஆஸ்பரஜினேஸ் என்ற நொதியை ஊசிவழி செலுத்தி, இரத்தத்திலுள்ள ஆஸ்பரஜினைச் சிதைத்தால் அவை மடிகின்றன. பிற செல்கள் பெரும்பாலும் தாமே தயாரித்துப் பிழைக்கின்றன. பிற மருந்துகளுடன் சேர்த்து இன்றும் இது தரப்படுகிறது.

'அப்படியானால் சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் சாகுமே' என்று சிலர் சோற்றையே விட்டுவிடுகின்றனர். இது தவறு. நாம் உண்ணாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மெலிபவர் நோயாளியே, மெலிந்த உடல் சிகிச்சையைத் தாங்காது. மாணவர்களே, உங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் இவ்வாறு உணவை ஒதுக்கினால், மருத்துவர் கூறும் உணவை உண்ணும்படி எடுத்துச் சொல்லுங்கள்.