காமிராவுக்கு மூன்று கால்



வகுப்பில் பெஞ்சு ஆடினால் காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் அம்மா பால் கறக்க உட்காரும் முக்காலிக்கு இன்றுவரை யாரும் காகிதம் வைத்ததில்லை. கல்லும் குழியுமான தரையிலும் அது ஆடாமல் நிற்கிறது. காரணம் என்ன?

விடை நம் கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது. ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளின் வழியே ஒரே ஒரு தளம்தான் செல்லும். ஆகவே மூன்று கால்கள் எந்தத் தரையிலும் ஒருசேர ஊன்றிக்கொள்ளும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெஞ்சின் நான்காவது கால் அந்தரத்தில் நிற்பது இதனால்தான். எங்கள் பக்கத்தில் போர்க் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே எடுக்கும்போது மூன்று கம்பங்களை உச்சியில் சேர்த்துக் கட்டிக் கப்பி மாட்டுவார்களே, அதுவும் இதே கணக்குத்தான்.

காமிராவை நிறுத்தும் டிரைபாடு என்னும் ஸ்டாண்டும் ஒரு முக்காலியே. கையில் அடங்கும் காமிரா இருக்கும்போது அது எதற்கு என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். வெளிச்சம் குறைந்த இடத்தில் காமிரா தன் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நம் கை நடுங்கினால் படமும் நடுங்கும்.

இது பழைய பிரச்சினைதான். லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி 1857, 1858-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நம் நாட்டைச் சுற்றி வந்தார். அக்காலத்தில் சேலம் மாவட்டத்தில் சேர்ந்திருந்த இராயக்கோட்டையை (இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம்) அவர் எடுத்த படங்கள் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். காமிராவின் உயரமும் மட்டமும் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருந்தாலொழிய அந்த வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க முடியுமா?

நம் சேலத்திலேயே இன்னொரு சான்று உண்டு. ஏற்காடு சாலையில் திரு. டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் 'உத்தமபுத்திரன்' படத்தை வெளியிட்டது. அதில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். கம்ப்யூட்டர் இல்லாத நாட்களில் ஒருவரை இருவராகக் காட்ட, லென்சின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறை படம் எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் எடுப்பார்கள். இடையில் காமிரா மயிரிழை அசைந்தாலும் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே கோடு விழுந்துவிடும்.

இத்தனை பெரியவர்களின் கதைக்குப் பிறகு என் கதையைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இரவு முழுச் சந்திர கிரகணம் என்றும், அதைப் படம் எடுத்து வருபவரின் படம் அறிவியல் கண்காட்சியில் வைக்கப்படும் என்றும் எங்கள் அறிவியல் சிஸ்டர் அறிவித்தார்கள். இராசிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தாய்மாமா தம்முடைய இரண்டாவது காமிராவையும் ஒரு ஜூம் லென்சையும் தர இசைந்தார். ஆனால் ஸ்டாண்டு தர முடியாது. ஆவணி முகூர்த்தங்களுக்கு அவரிடமிருந்த இரண்டும் வேண்டும். பொங்கல் காசும் உண்டியல் காசுமாக என்னிடம் 1,600 ரூபாய் இருந்தது.

நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. பளபளப்பாக, இலேசாக, ஐந்தடி உயரம் எழும்பும் ஒரு ஸ்டாண்டை 450 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். மீதப் பணத்தில் என்னவெல்லாம் வாங்கலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன்! ஆகஸ்ட் 9-ஆம் நாள் பௌர்ணமி. ஒத்திகை பார்க்கலாம் என்று மொட்டை மாடியில் அதை முழு உயரத்துக்கு நிறுத்திக் காமிராவை நிலாவை நோக்கி நிமிர்த்தினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தண்ணீர் குடிக்கத் திரும்பினேன், அவ்வளவுதான்.

காமிரா பிழைத்தது. லென்சின் முன் வளையம் நசுங்கிவிட்டது. அந்த லென்சை வைத்துத்தான் மாமா மேடைக்குத் தூரத்திலிருந்து மணமக்களைப் படம் எடுப்பார். அடுத்த கல்யாணத்துக்கு வாடகை லென்சோடு போனார். மீதியிருந்த 1,150 ரூபாயை எடுத்துக்கொண்டு போய் அவர் முன் வைத்தேன்.

"அதை நீயே வெச்சுக்க கண்ணு. அந்தக் காசுல ஒழுங்கான ஸ்டாண்டு ஒண்ணு வாங்கு. அப்பத்தான் என் அடுத்த லென்சு தப்பும்" என்றார்.

திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அது ஏன் விழுந்தது என்று ஆராய்ந்த பிறகே மறுபடி கடைக்குப் போவது என்று முடிவு செய்தேன். ஒரு பொருளின் புவிஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அதன் அடித்தளத்துக்குள் விழும்வரை அது சாயாது. மூன்று பாதங்களை இணைத்து வரும் முக்கோணமே ஸ்டாண்டின் அடித்தளம். நான் நடுத்தண்டை முழுக்க உயர்த்தியதால் மையம் மேலே போய்விட்டது. காமிராவை வானத்துக்கு நிமிர்த்தியதும் பாரம் பின்பக்கம் நகர்ந்தது. ஒற்றைக் காலை நான் முன்பக்கம் வைத்திருந்தேன். பின்பக்கம் தாங்க யாருமில்லை! லென்சு எதிரே பார்க்கும்போது ஒரு கால் லென்சின் கீழே இருக்க வேண்டும். மேலே பார்க்கும்போது ஒரு கால் பின்னால் இருக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, கவனம்தான் செலவு.

காலின் பருமனைப் பற்றி அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். ஒரே தகட்டுக் கனமுள்ள இரண்டு குழாய்களில் ஒன்றின் விட்டம் மற்றதைப்போல் இரு மடங்கானால், வளைவை எதிர்க்கும் அதன் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகும். நீளமோ எதிர்த் திசையில் வேலை செய்யும். ஒரு முனை பிடிபட்ட குழாயின் நீளம் இரு மடங்கானால், அதே பாரத்துக்கு அது எட்டு மடங்கு வளையும். நான் வாங்கிய ஸ்டாண்டின் கடைசித் துண்டு பென்சிலைவிடச் சற்றே பெரியது. அதை முழுக்க இழுத்துவிட்டு, அதன்மேல் மாமாவின் பிழைப்பைத் தூக்கி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் சேலத்துக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டி, "பாப்பா, அஞ்சு கிலோ தாங்கும்னு இதிலேயே போட்டிருக்கு பாரு" என்றார். எங்கள் வீட்டுத் தராசில் காமிராவும் லென்சும் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. அப்பா பேசாமல் கால்களை முழுக்க நீட்டி, உச்சியைப் பிடித்துக் கைப்பிடி திருகுவதுபோல் மெல்லத் திருகினார். மூன்று கால்களும் முறுக்கிக்கொண்டன. தாங்குவது வேறு, ஆடாமல் இருப்பது வேறு என்று அன்று புரிந்தது. பெட்டியில் எழுதியிருப்பது முன்னதைத்தான். நமக்கு வேண்டியது பின்னது.

அந்தக் கடையிலும் அடுத்த இரண்டு கடைகளிலும் நாங்கள் செய்த சோதனையைச் சொல்கிறேன். எந்தச் சகோதரிக்காவது பயன்படும். காமிராவை மேலே மாட்டி, ஜூமை முழுக்க இழுத்து, தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையைத் திரையில் பார்க்க வேண்டும். ஸ்டாண்டின் காலை விரலால் ஒரு தட்டுத் தட்டி, எழுத்து ஆடி நிற்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். மூன்றுக்குள் நின்றால் நல்லது. பிறகு கால்களைப் பூட்டி, தலையில் உள்ளங்கையால் அழுத்த வேண்டும்; எந்தத் துண்டாவது வழுக்கி உள்ளே இறங்கினால் அந்தப் பூட்டு நாளைக்கும் இறங்கும். காமிரா உட்காரும் தகடு பூட்டிய பிறகும் கடகடவென்று ஆடினால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், வைத்துவிடலாம். கார்பன் நாரில் செய்த ஸ்டாண்டுகளும் இருந்தன. இலேசானவை, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். விலையைக் கேட்டதும் அப்பா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. எங்கள் பணத்துக்கு அலுமினியம்தான்.

1,150 ரூபாய்க்குள் கிடைத்த புதியவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை என்பதே உண்மை. எல்லாவற்றிலும் உயரம் இருந்தது, மட்டம் பார்க்கும் நீர்க்குமிழி இருந்தது, பை இருந்தது. கால்தான் இல்லை. குறைந்த விலைக்கு உயரமும் இலேசும் உறுதியும் ஒருசேரக் கிடைக்காது. எதை விட்டுக்கொடுப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் இலேசை விட்டுக்கொடுத்தேன்.

மாமாவிடம் விசாரித்ததில், தொழிலை விடும் ஒருவர் தம் பழைய வீடியோ ஸ்டாண்டை விற்கப்போவது தெரிந்தது. மூன்றரைக் கிலோ, பெயிண்டு உரிந்து பார்க்க விகாரமாக இருந்தது. நான்கடிக்கு மேல் எழும்பாது. கால் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு உலக்கையில் பாதியாவது இருக்கும்! தட்டிவிட்டு 'ஒன்று' என்று சொல்வதற்குள் எழுத்து நின்றுவிட்டது. காமிராவை மாட்டும் தகடு தொலைந்துபோயிருந்ததால் 900 ரூபாய்க்குக் கொடுத்தார்.

அந்தத் தகடுதான் அப்பாவின் பங்கு. காமிராக்களின் அடியில் இருக்கும் திருகுத்துளை பெரும்பாலும் கால் அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 புரி என்ற ஒரே அளவுதான். லாரிப் பட்டறைக்குப் பக்கத்துப் போல்ட் கடையில் அது சில ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு எச்சரிக்கை: போல்ட் நீளமாக இருந்தால் காமிராவின் வயிற்றைக் குத்திவிடும். தகட்டுக்கு மேலே நான்கரை மில்லிமீட்டர் அளவே நீட்டியிருக்கும்படி அப்பா அறுத்து அராவிக் கொடுத்தார். வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மேலே ஒட்டினோம்.

பணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. துணிப்பையில் முக்கால் பங்கு மக்காச்சோளம் நிரப்பித் தைத்து, சுவரின்மேல் வைத்து அதில் காமிராவைப் புதைத்தால் நன்றாகவே நிற்கும். கோழிப்பண்ணை ஊரில் சோளத்துக்கா பஞ்சம்? தலைக்கு மேலே இருக்கும் நிலாவுக்கு மட்டும் அது உதவாது.

கிரகண நாள் வந்தது. இரவு 9.57-க்கு நிழல் கடிக்கத் தொடங்கி, 11 மணிக்கு முழுக்க மூடி, 12.22 வரை சந்திரன் செந்நிறமாக இருக்கும் என்று சிஸ்டர் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்நேரம் நம் ஊரில் நிலா 70 பாகைக்கும் மேலே, ஏறக்குறைய உச்சியில் இருக்கும். ஸ்டாண்டின் தலையோ பின்னால் பாதி தூரம் சாய்ந்ததும் முட்டிக்கொண்டது! மாமாவுக்குப் போன் செய்தேன். "காமிராவைத் திருப்பி மாட்டு கண்ணு. அந்தத் தலை முன்பக்கம்தான் நல்லாச் சாயும்" என்றார். அப்படியே செய்தேன், கைப்பிடி முன்னால் வந்தது, லென்சு வானத்தைப் பார்த்தது.

நடுத்தண்டை உயர்த்தவில்லை. மெல்லிய கீழ்த்துண்டுகளை இழுக்கவுமில்லை. நடுவே ஒரு பையில் செங்கற்களைப் போட்டு, தரையை இலேசாகத் தொடும்படி தொங்கவிட்டேன். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் அதுவே ஊஞ்சலாடும். விரலால் அழுத்தும் அசைவுகூடப் படத்தில் விழும் என்பதால் இரண்டு விநாடி தாமதமாக எடுக்கும்படி காமிராவை வைத்தேன். எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நிலாவின் அகலம் அரைப் பாகை. ஆகவே இரண்டு நிமிடத்தில் நிலா தன் அகலம் முழுவதும் நகர்ந்துவிடும். ஒரு விநாடியில் நகர்வது 120-இல் ஒரு பங்கு. அதற்கு மேல் போகவில்லை.

மேகம் வந்து வந்து மறைத்தது. அம்மா இரண்டு முறை மாடிக்கு வந்து "இன்னும் தூங்கலையா?" என்று கேட்டுவிட்டு, தானும் உட்கார்ந்துவிட்டார்கள். 41 படங்களில் தேறியவை மூன்று. மூன்றாவதில் நிலா முற்றிய மாதுளை நிறத்தில், ஓரம் சீவியதுபோல் தெளிவாக இருக்கிறது. அதுதான் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாமா ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், அப்பா செய்த தகட்டைத் தடவிப் பார்த்தார். இப்போது அது அவருடைய ஸ்டுடியோவில் இருக்கிறது. தை மாத முகூர்த்தங்கள் முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.