கமரா செத்துப் போச்சா? கொஞ்சம் பொறுங்கள்



வெளிநாட்டிலிருக்கும் மகனோ மைத்துனரோ ஒரு காலத்தில் கொண்டுவந்து கொடுத்த சின்ன டிஜிட்டல் கமரா பல வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கிறது. "அது செத்துப் போச்சு" என்று சொல்லித்தான் உள்ளே போட்டிருப்போம். இந்தப் பாடத்தில் அதை வெளியே எடுத்துப் பார்ப்போம்.

இந்தக் காலத்தில் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, பழைய கமரா எதற்கு என்று கேட்பீர்கள். முசலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 அக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது அங்கே ஊர் ஊராக வெறுமையானது. முள்ளிக்குளத்துத் தமிழ் மக்கள் 2007-இல் இடம்பெயர்ந்தார்கள். 2009-இல் போர் முடிந்த பிறகு மக்கள் திரும்பி வந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, கொட்டில் போட்ட அந்த முதல் வருடங்கள் இந்தச் சின்னக் கமராக்கள் கொடிகட்டிப் பறந்த காலம். 2010-இல் மட்டும் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கமராக்கள் விற்பனைக்குப் போயின. ஆகவே வளவு எப்படிக் கிடந்தது, எல்லை எதுவரை இருந்தது, இன்று நம்மோடு இல்லாத வாப்பாவோ அப்பாவோ எந்த மரத்தடியில் நின்றார் என்பதெல்லாம் அலுமாரிக் கமராவுக்குள் மட்டும்தான் இருக்கலாம்.

அதனால் கமராவைத் திருத்துவதற்கு முன் படங்களைக் காப்பாற்றுவோம். பற்றரி மூடிக்குப் பக்கத்தில், நகத்தளவு மெமரி கார்ட் ஒன்று இருக்கும். மெதுவாக அழுத்தினால் வெளியே வரும். கமரா உயிரோடு இல்லாவிட்டாலும் கார்டை மட்டும் கணினியில் போட்டுப் படங்களை எடுக்கலாம். கார்ட் இல்லாத கமரா என்றால் வெறும் கமரா என்று நினைக்க வேண்டாம். பலவற்றின் உள்ளேயே கொஞ்சம் நினைவகம் உண்டு. கார்ட் போடாமல் எடுத்த படங்கள் அங்கே கிடக்கும்.

சில வேளை கார்டைப் போட்டதும் "பிழை" என்று காட்டி, "ஃபோர்மட் செய்யவா?" என்று கமரா கேட்கும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு "ஆம்" என்று அமத்திவிடுகிறார்கள். அமத்தாதீர்கள்! கார்டை வெளியே எடுத்து, அதன் பொன்னிறக் கால்களை உலர்ந்த துணியால் துடைத்து, வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். தப்பித் தவறி யாராவது அமத்தியிருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டதென்று அழ வேண்டாம். பெரும்பாலும் அழிவது படங்களின் அட்டவணைதான். படங்கள் கார்டிலேயே கிடக்கும், அவற்றின் மேல் புதுப் படம் எழுதப்படும்வரை. எனவே அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காமல், மீட்கும் மென்பொருள் வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

"கார்ட் பூட்டியிருக்கிறது" என்று கமரா சொன்னால் அது பழுதே இல்லை. கார்டின் விளிம்பில் ஒரு குட்டிப் பூட்டு இருக்கிறது, அதை மேலே தள்ளிவிட்டால் சரி. புதுக் கார்ட் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2006-க்கு முந்திய கமராக்கள் 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டைப் பொதுவாக ஏற்காது. கடைக்காரர் 32 ஜிகாபைட் கார்டைத் தந்துவிட்டு "உங்கள் கமரா சரியில்லை" என்பார்.

இனிக் கமராவுக்கு வருவோம். உயிர் வரவில்லையென்றால் முதல் சந்தேகம் பற்றரிதான். லென்ஸை வெளியே தள்ளவும் ஃபிளாஷ் அடிக்கவும் ஒரேயடியாக நிறைய மின்சாரம் வேண்டும். டோர்ச்சுக்குப் போடும் மலிவுப் பற்றரி அதைத் தராது, டோர்ச்சில் நன்றாக எரியும் பற்றரிகூடக் கமராவில் படுத்துவிடும். அல்கலைன் பற்றரியோ, சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் பற்றரியோ போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. கடற்காற்றில் உப்பு இருப்பதால் பற்றரி தொடும் தகடுகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். அதைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, துகளைத் தட்டிவிடுங்கள். தட்டையான லிதியம் பற்றரி ஊதியிருந்தால் குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். அது தீப்பற்றக்கூடியது.

அடுத்தது மணல். சிலாவத்துறையிலும் அரிப்பிலும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் கமராவைத் திறந்தாலே போதும். கொண்டச்சி மரமுந்திரிகைத் தோட்டத்து மணல்பாதைத் தூசியும் அதற்குச் சளைத்ததல்ல. லென்ஸ் ஒரு குழலுக்குள் இன்னொரு குழலாக நீண்டு வருவது. இடையில் ஒரு மணல் சிக்கினால் பாதியில் நின்று "லென்ஸ் எரர்" என்று காட்டும். உடனே திரும்பத் திரும்ப ஓன் பண்ணிப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம், பல் உடைந்துவிடும். பற்றரியைக் கழற்றி, லென்ஸ் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, குழல்களின் இடுக்கில் மெல்லிய தூரிகையால் சுற்றிவரத் தட்டி, ரப்பர் ஊதியால் காற்றடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு சாந்து மாதிரி இறுகிவிடும். பிறகு நல்ல பற்றரி போட்டு ஒருமுறை முயற்சி செய்யுங்கள், பல கமராக்கள் இதிலேயே எழும்பிவிடும்.

கடலில் விழுந்த கமரா எழும்புவது அபூர்வம், உப்பு உள்ளே அரித்துவிடும். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் அரிசித் தூசிதான் லென்ஸுக்குள் போகும். கார்டை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்தால் படங்கள் பெரும்பாலும் கிடைக்கும்.

படம் தெளிவில்லை என்றால், பொத்தானைப் பாதி அமத்தி, கமரா "பீப்" என்ற பிறகு மீதியை அமத்துங்கள். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரம் போன்றவற்றைப் படமெடுக்கப் பூ அடையாளம் உள்ள பொத்தானைப் போட்டு, ஃபிளாஷை நிறுத்தி, வாசல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் கடதாசியின் நடுவில் வெள்ளைப் புள்ளி விழுந்து எழுத்து மறைந்துவிடும்.

கடைசியாகத் திகதி. அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டிய மாளிகையைத் தெரியாதவர் முசலியில் இல்லை. கடல் அரித்து அரித்து அது இடிந்து விழுகிறது. வருடாவருடம் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் இருந்தால் கடல் எத்தனை அடி ஏறியது என்று காட்டலாம், படத்தில் திகதி சரியாக இருந்தால். யானை வந்து உழக்கிய வயலுக்கும் வேலி நகர்ந்த காணிக்கும் இதே கதைதான். 2014-இல் எடுத்த படத்தில் 2005 என்று விழுந்திருந்தால் அலுவலகத்தில் யார் நம்புவார்?

கமராவுக்குள் இருக்கும் மணிக்கூடு பெரிய பற்றரியிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வாங்கி வைத்துக்கொள்கிறது. பற்றரியைக் கழற்றிச் சில நாட்கள் வைத்தால் மறந்துபோகும். அதற்காகப் பற்றரியை உள்ளேயே விட்டுவைத்தால் அது ஒழுகித் தகட்டைத் தின்றுவிடும். கழற்றித்தான் வையுங்கள். மறுபடி போடும் ஒவ்வொரு முறையும், முதல் படத்துக்கு முன், திகதியையும் நேரத்தையும் சரிபார்த்து வையுங்கள்.