மார்பகத்தில் ஒரு தசைக்கட்டி

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் தோழியின் பயாப்சி அறிக்கையில் ‘லியோமயோமா’ என்று வந்திருப்பதாகவும் விடுதியே கலங்கிப் போயிருப்பதாகவும் எழுதியிருந்தாய். முதலில் அவளிடம் சொல், அது புற்றுநோய் இல்லை. மென்தசையில் உண்டாகும் சாதுவான கட்டி. ‘கர்ப்பப்பையில் கட்டி’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் ஃபைப்ராய்டும் இதே இனம்தான். அங்கே சர்வசாதாரணம், மார்பகத்திலோ, சாதுவான கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது.

மார்பகத்தில் தசை ஏது என்று கேட்கிறாய். குளிர் பட்டால் காம்பு விறைக்கிறதே, அது காம்பிலும் சுற்றியுள்ள கருவட்டத்திலும் இருக்கும் மென்தசையின் வேலை. நாம் நினைத்து அசைக்க முடியாத தசை அது. அதனால்தான் இந்தக் கட்டி பெரும்பாலும் காம்பை ஒட்டியே வருகிறது. ஆண்களுக்கும் வரும். உள்ளே ஆழத்தில் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். இரத்தக்குழாய்ச் சுவரின் தசையிலிருந்து அது கிளம்பியிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

ஸ்கேனில் விளிம்பு தெளிவான உருண்டையாகத் தெரியும். இளம்பெண்களுக்கு அதிகம் வரும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டியும் அப்படியே தெரியும் என்பதுதான் சிக்கல். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சில செல்கள் பல நேரம் போதாது, திசுத்துண்டு வேண்டும். மைக்ராஸ்கோப்பில் நீண்ட செல்கள் கற்றை கற்றையாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். உட்கருவின் முனைகள் சுருட்டு போல மழுங்கியிருக்கும். அழகான காட்சி அது, இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் என் கண் தேடுவது வேறு. செல்கள் வேகமாகப் பிரிகின்றனவா? உருக்குலைந்திருக்கின்றனவா? திசு செத்துக் கிடக்கிறதா? இவை இருந்தால் லியோமயோசார்கோமா என்ற புற்றுநோயைச் சந்தேகிப்போம். டெஸ்மின், ஆக்டின் ஆகிய தசைப் புரதங்களுக்கான சாயம் ஏற்றியும் பார்ப்போம். அவை பிடித்தால் தசையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கட்டியை முழுதாக எடுப்பதே சிகிச்சை. கீமோதெரபியும் கதிர்வீச்சும் தேவையில்லை. மிச்சம் இருந்தால் மறுபடி வளரலாம். ஆகவே அறுவை முடிந்ததும், விளிம்பில் கட்டி இல்லை என்று அறிக்கை சொல்கிறதா என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

வெட்கப்பட்டுப் பல மாதம் அவள் மறைத்தாள் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னை வருத்துகிறது. தடவிப் பார்த்து மட்டும் ஒரு கட்டி சாதுவானதா என்று மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. உங்களில் யாருக்குக் கட்டி தட்டுப்பட்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். துணைக்கு நீ போ.

அன்புடன்,
பெரியம்மா