பள்ளி நூலகர் சங்கமும் தலைவர் தேர்தலும்



நம் பள்ளி நூலகம் ஒரு சிறிய அறை. இரண்டு அலமாரிகள், ஒரு நீண்ட மேசை, ஒரு பதிவேடு, ஒரு சாவி ஆகியனவே அதன் உடைமைகள். அச்சாவியை வைத்திருப்பவர் மாணவர் நூலகக் குழுவின் தலைவர். அவரை நாம் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம்? இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், இதற்கு நாம் அளித்த தவறான விடையொன்று நமக்குப் பெரும்பாடம் கற்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி தொடங்கிய இரண்டாம் வாரத்தில், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களை மண்டபத்தில் அமர்த்தி, "தலைவராக யார் வேண்டும்?" என்று கேட்டோம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பெயர் உரத்து ஒலித்தது. கைகள் உயர்ந்தன. மூன்றே நிமிடத்தில் தேர்தல் முடிந்தது. அவன் ஓட்டத்திற் சிறந்தவன், எல்லாருக்கும் இனியவன். ஆனால், மூன்று திங்களில் நிலைமை சீர்கெட்டது. பதிவேட்டில் எழுதப்படாமலே நூல்கள் வெளியே சென்றன. சென்றவற்றுட் பல திரும்பி வரவில்லை. ஓய்வு வேளையில் சின்னஞ்சிறு பிள்ளைகள் பூட்டிய கதவின்முன் நின்று ஏமாந்து திரும்பினர். ஒருநாள் அம்மாணவன் சாவியைக் கொண்டுவந்து ஆசிரியரின் மேசைமீது வைத்தான். "ஐயா, இதில் இவ்வளவு வேலை இருக்கிறதென்று என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

அவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. பணி இன்னதென்று கூறாமலே ஆளைத் தேடியவர்கள் நாமே. ஆகவே குற்றம் நம்முடையதே.

இக்குறை பிள்ளைகளிடம் மட்டும் காணப்படுவதன்று. பெரியோர் நடத்தும் கூட்டங்களிலும், "முன்மொழிகிறேன்", "வழிமொழிகிறேன்" என்னும் இரு சொற்களோடு தேர்தல் முடிந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். தேநீர் ஆறுவதற்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அமைந்துவிடுவர். பின்னர் ஆண்டு முழுவதும், "சங்கம் ஒன்றும் செய்யவில்லை" என்று குறை கூறுவோம். அவ்வாறாயின், தலைவரைத் தேர்ந்தெடுக்க நல்ல முறை யாது? விடை தேடிய நமக்கு, நூலகப் பணியையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கப் பள்ளி நூலகர்கள் தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை நல்ல எடுத்துக்காட்டாக அமைந்தது.

சங்கம் தோன்றிய வரலாறு

1876ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நூலகர்கள் ஒன்றுகூடி அமெரிக்க நூலகச் சங்கத்தை நிறுவினர். அன்று கூடியோர் 103 பேர். அவர்களுள் ஆடவர் 90 பேர், மகளிர் 13 பேர். காலம் செல்லச் செல்ல, பள்ளிகளிற் பணிபுரியும் நூலகர்களின் தேவைகள் வேறு என்பது உணரப்பட்டது. ஆகவே அவர்களுக்கெனத் தனிப் பகுதியொன்று வளர்ந்து, 1951ஆம் ஆண்டில் அப்பெருஞ்சங்கத்தின் ஒரு பிரிவாக, அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் என்னும் பெயரோடு நிலைபெற்றது.

இது தொழிற்சங்கமன்று, தொழில்முறைச் சங்கமாகும். தொழிற்சங்கம் ஊதியத்திற்காகவும் உரிமைக்காகவும் முதலாளியிடம் பேச்சு நடத்துகிறது. தொழில்முறைச் சங்கமோ அத்தொழில் எத்தரத்தில் நடைபெற வேண்டும், அதனைச் செய்வோர் என்ன கற்றிருக்க வேண்டும் என்பவற்றை ஆராய்ந்து வகுக்கிறது. நோக்கம் வேறாயினும், உறுப்பினரே தலைவரைத் தேர்ந்தெடுத்தல் இரண்டிற்கும் பொதுவாகும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நம் தோட்டத்துப் பெற்றோர் எளிதில் உணர்வர். காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது நம்மை வேலைக்கு அனுப்பும் மண்டோரை நிருவாகம் நியமிக்கிறது. சங்கத் தலைவரை உறுப்பினர் தேர்ந்தெடுக்கின்றனர். நியமிக்கப்பட்டவர் தம்மை நியமித்தவருக்குப் பதில் கூற வேண்டியவர்; தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம்மைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பதில் கூற வேண்டியவர். தேர்தலின் உயிர் இதில்தான் இருக்கிறது.

தேர்தல் நடைபெறும் முறை

அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கத்தின் தேர்தல் ஒரே நாளிற் கூடிக் கலையும் கூட்டமன்று. அது பல திங்கள் நடைபெறும் பணியாகும்.

முதலாவது, வேட்பாளர் தேடும் குழுவொன்று அமைக்கப்படுகிறது. பதவிக்குரிய கடமைகளை முன்வைத்து, அவற்றை ஆற்றக்கூடியவர் யாவர் என்று அக்குழு தேடுகிறது. ஆளை முதலிற் கண்டு பிறகு வேலையை எண்ணுவதன்று. வேலையை முதலில் எண்ணிப் பிறகு ஆளைத் தேடுவது. நாம் அன்று செய்யத் தவறியதும் இதுவே.

இரண்டாவது, வேட்பாளர் ஒவ்வொருவரும் தாம் இதுவரை ஆற்றிய பணிகளையும் இனி ஆற்ற எண்ணுவனவற்றையும் எழுதித் தருகின்றனர். அவை வாக்களிப்பிற்கு முன்னரே உறுப்பினர் அனைவரின் பார்வைக்கும் வைக்கப்படுகின்றன. உரக்கப் பேசுவோர்க்கும் மெல்லப் பேசுவோர்க்கும் எழுத்து சமவாய்ப்பு அளிக்கிறது அன்றோ?

மூன்றாவது, வாக்களிக்கப் பல நாள்கள் அளிக்கப்படுகின்றன. முன்னாளில் வாக்குச்சீட்டுகள் அஞ்சலிற் சென்று அஞ்சலில் திரும்பின. இந்நூற்றாண்டில் அவ்வேலையைக் கணினி மேற்கொண்டது. கருவி மாறினும் நெறி மாறவில்லை. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது மறைவாகவே இருக்கிறது. அதனால், நண்பன் மனம் நோகுமே என்று அஞ்சாமல் ஒருவர் தம் மனச்சான்றின்படி வாக்களிக்க இயல்கிறது. கை உயர்த்தும் முறையில் இந்த உரிமை கிட்டுவதில்லை.

மூன்று ஆண்டுப் பணி

இம்முறையில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. தேர்தலில் வெற்றி பெற்றவர் உடனே தலைவராகி விடுவதில்லை. முதலாண்டு முழுவதும் அவர் அடுத்த தலைவர் என்னும் பெயரோடு, அப்போதுள்ள தலைவரின் அருகில் இருந்து பணியைக் கற்கிறார். இரண்டாம் ஆண்டில் தலைமைப் பொறுப்பை ஏற்கிறார். மூன்றாம் ஆண்டில் முன்னைத் தலைவராக இருந்து, புதிய தலைவருக்குத் துணை நிற்கிறார். முதலாண்டு கற்றல், இரண்டாமாண்டு நடத்தல், மூன்றாமாண்டு கைமாற்றுதல். ஆக, தலைமை ஓராண்டு, உழைப்போ மூன்றாண்டு.

இதனால் விளையும் நன்மைகள் இரண்டு. ஒன்று, பணி தடைப்படுவதில்லை. பழையவர் சென்றுவிட்டார், புதியவருக்கு ஒன்றும் தெரியாது என்னும் நிலை எழுவதில்லை. மற்றொன்று, பதவி எவருக்கும் சொந்தமாகி விடுவதில்லை. வரும்போதே போகும் நாளும் தெரிந்திருப்பதால், தமக்குப் பின் வருபவரை உருவாக்குவதும் தம் கடமையே என்பதைத் தலைவர் உணர்கிறார்.

தலைமையால் விளைந்த பயன்

நல்ல தலைமை என்ன சாதிக்கும் என்பதற்கு இச்சங்கத்தின் வரலாறே சான்று. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் நூலகமே இல்லை. செல்வம் மிக்க நாட்டிலும் அந்நிலை இருந்தது என்பது வியப்பளிக்கலாம். 1960ஆம் ஆண்டில் இச்சங்கம் பள்ளி நூலகங்களுக்கான தரநூல் ஒன்றை வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவிற்குப் பிரான்சிஸ் ஹென்னி, ரூத் எர்ஸ்டெட் என்னும் அம்மையார் இருவரும் தலைமை தாங்கினர். 200 மாணவர் பயிலும் பள்ளியிலும் குறைந்தது 6,000 நூல்கள் இருத்தல் வேண்டும் என்று அந்நூல் வகுத்தது. அது பேராசை என்று எண்ணியோரும் இருந்திருப்பர். ஆயினும், வேண்டுவது இவ்வளவு என்று எழுத்தில் வைத்தபின், இருப்பது எவ்வளவு குறைவு என்பது யாவர்க்கும் புலனாயிற்று.

நூலகர்கள் தொடர்ந்து எடுத்துரைத்தனர். 1965ஆம் ஆண்டில் லிண்டன் ஜான்சன் அமெரிக்க அதிபராக இருந்தபோது இயற்றப்பட்ட கல்விச் சட்டத்தின் ஒரு பகுதி, பள்ளி நூலக வளங்களுக்கும் பாடநூல்களுக்கும் பிற கற்றல் பொருள்களுக்கும் முதலாண்டிற்கென 10 கோடி டாலரை அனுமதித்தது. பிள்ளைகள் தாமே சென்று நாடாளுமன்றத்தில் நூல் கேட்க இயலாது. அவர்களுக்காகக் கேட்கக் கற்றறிந்த குரல் ஒன்று வேண்டும். அக்குரல் யாருடையது என்பதைத் தீர்மானிப்பதே தேர்தல்.

குறைகளும் உண்டு

எம்முறையும் குறையற்றதன்று. 1876இல் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியது. ஆனால், ஒரு பெண்மணி முதன்முதலாக அதன் தலைவராக 1911ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் தெரேசா வெஸ்ட் எல்மெண்டார்ப் அம்மையார். கறுப்பினத்தவர் ஒருவர் தலைவராக ஏறத்தாழ நூறாண்டு கழிந்தது. 1976ஆம் ஆண்டில் அப்பொறுப்பை ஏற்றவர் கிளாரா ஸ்டாண்டன் ஜோன்ஸ் அம்மையார். விதிநூலில் வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே அழைக்கும் மனமும் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. நம் கூட்டங்களிலும் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் தாய்மாரை நோக்கி, "நீங்கள் முன்வாருங்கள் அம்மா" என்று நாம் எத்தனை முறை அழைத்திருக்கிறோம்?

மற்றொரு குறை வாக்களியாமை. அண்மைய ஆண்டுகளில் அப்பெருஞ்சங்கத்தின் தேர்தல்களில் வாக்களிப்போர் உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே இருந்து வருகின்றனர். வாக்குச்சீட்டு வீடு தேடி வந்தும் பலர் அதனை எடுத்துப் பார்ப்பதில்லை. எல்லாரும் நூலறிந்தோர், ஆயினும் இந்நிலை! நால்வருக்குரிய முடிவை ஒருவர் எடுப்பாராயின், பிற மூவரும் பின்னர்க் குறை கூறுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

உலகப் பள்ளி நூலகர்கள்

பள்ளி நூலகர்கள் உலக அளவிலும் இணைந்துள்ளனர். 1971ஆம் ஆண்டில், ஜமேக்கா நாட்டில் உலகப் பள்ளி நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜீன் லௌரி அம்மையார். உலகின் பகுதிதோறும் ஓர் இயக்குநர் அச்சங்கத்தில் இடம்பெறுகின்றனர். 2002ஆம் ஆண்டில் அதன் மாநாடு நம் நாட்டில், பெட்டாலிங் ஜெயாவில் நடைபெற்றது. ஆகவே, இஃது எங்கோ நடக்கும் செய்தி என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது.

நம் பள்ளியில் நாம் செய்தது

இவற்றையெல்லாம் அறிந்தபின், மறு ஆண்டில் நம் பள்ளியிலும் முறையை மாற்றினோம். நூலகத் தலைவரின் கடமைகளை எழுதி ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். போட்டியிட விரும்பியோர் அரைப்பக்கம் எழுதித் தந்தனர். ரொட்டி டின் ஒன்றில் துளையிட்டு வாக்குப்பெட்டி செய்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவ்வாண்டு முழுவதும் ஆறாம் ஆண்டுத் தலைவரின் அருகில் இருந்து கற்கச் செய்தோம்.

பலகையில் ஒட்டிய அந்தக் கடமைப் பட்டியலை எழுதியவர் யார் தெரியுமா? முன்னாளில் சாவியைத் திருப்பித் தந்த அதே மாணவன்தான். அப்போது ஆறாம் ஆண்டிற் பயின்றுகொண்டிருந்த அவனே, "நான் எழுதுகிறேன், ஐயா, எங்கே தவறும் என்று எனக்குத் தெரியும்" என்று முன்வந்தான். பதினொரு வரிகள் எழுதினான். முதல் வரி, "ஓய்வு மணி அடிப்பதற்கு முன் கதவைத் திறக்க வேண்டும்" என்பது. அவ்வாண்டு தேர்வு பெற்றவள் அதிகம் பேசாத ஒரு மாணவி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இன்று அவ்வறையின் கதவு ஓய்வு மணிக்கு முன்பே திறந்திருக்கிறது.

ஆகவே, மாணவர்களே, வாக்களிக்கும் முன் பணியை அறியுங்கள். பிறகு ஆளை எண்ணுங்கள். பெற்றோர்களே, அடுத்த பொதுக்கூட்டத்திற்குத் தவறாது வாருங்கள். வாக்கோடு நில்லாமல் ஒரு பொறுப்பையும் ஏற்க முன்வாருங்கள். நல்ல தலைவர் வானத்திலிருந்து வருவதில்லை. நம் நடுவிலிருந்தே, நம் கையாலேயே உருவாகிறார்.

சிந்தித்து விடை காண்க

1. நியமிக்கப்பட்டவருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. வெற்றி பெற்றவர் முதலாண்டில் தலைமை ஏற்காமல் கற்பதனால் விளையும் நன்மைகள் யாவை?

3. மறைவாக வாக்களிப்பது ஏன் சிறந்தது?

4. நம் வகுப்புத் தலைவரின் கடமைகளை வரிசைப்படுத்தி எழுதுக. எழுதியதை வீட்டிற் பெற்றோருக்குப் படித்துக் காட்டுக.