ஆசிரியருக்கு ஓர் ஆசிரியர்

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

முன்னுரை

மருத்துவம் படித்தவர் மூத்த மருத்துவரின் அருகில் நின்று பழகிய பின்னரே தனியே நோயாளியைப் பார்க்கிறார். சட்டம் படித்தவர் ஒரு சீனியரிடம் சேர்ந்து தொழில் கற்கிறார். நம் பக்கத்து உழவர்கள்கூடப் புது மாட்டைப் பழகிய மாட்டோடு பூட்டித்தான் ஏருக்குப் பழக்கினர். ஆசிரியத் தொழிலுக்கும் இம்முறை உண்டு. பி.எட். படிப்போரும், தொடக்கக் கல்விப் பட்டயம் படிப்போரும் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக அனுப்பப்படுகின்றனர். அங்கே அவர்களை ஏற்று நடத்தும் மூத்த ஆசிரியரே வழிகாட்டி ஆசிரியர்.

இந்த வழிகாட்டி ஆசிரியருக்குத் தனியே ஒரு பயிற்சி வேண்டுமா? "இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவருக்கு இன்னும் என்ன பயிற்சி?" என்று கேட்போர் உண்டு. வேண்டும் என்பதே என் துணிபு. பாடம் நடத்தத் தெரிவது ஒரு திறன். நடத்தக் கற்றுக்கொடுப்பது வேறொரு திறன்.

நமக்கு இதில் என்ன?

நம் கல்லூரியில் பட்டம் முடிப்போரில் பலருடைய அடுத்த எண்ணம் பி.எட். தான். ஆகவே நாளை பயிற்சி ஆசிரியராக நிற்கப் போகிறவர்கள் நாமே. இன்னொரு காரணமும் உண்டு. பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டிலிருந்தும் மக்காச்சோளக் கொல்லையிலிருந்தும், அரியலூர்ப் பக்கத்து முந்திரித் தோப்பிலிருந்தும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் படித்தவர் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் புரியாததை வீட்டில் கேட்டுத் தெளிய வழியில்லை என்பதை நான் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. புதிய ஆசிரியர் தட்டுத் தடுமாறித் தாமே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், அந்தத் தடுமாற்றத்தின் இழப்பு முழுவதும் இத்தகைய பிள்ளைகளின் தலையில்தான் விழும்.

நன்னூல் காட்டும் வழி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் ஆசிரியர் இலக்கணத்தை விரிவாகப் பேசுகிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறும் அந்நூல், ஆசிரியராகத் தகாதாரையும் சுட்டத் தவறவில்லை. அவ்வுவமைகளுள் ஒன்று பருத்திக் குண்டிகை. குடுக்கையில் பஞ்சை அடைப்பதும் கடினம். அடைத்ததை எடுப்பதும் கடினம். சிறிது சிறிதாகத்தான் வெளிவரும். பருத்தி விளையும் மண்ணில் பிறந்த நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. அறிவு நிறைந்திருப்பது மட்டும் போதாது, அதை எடுத்து வழங்கும் வகையும் வேண்டும் என்பது இதன் கருத்து. மூத்த ஆசிரியரின் அனுபவத்துக்கும் இது பொருந்தும்.

அந்நூலே மற்றொன்றும் கூறுகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் புலமையில் கால் பங்கும், உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் வந்தெய்தும் என்பது அதன் கணக்கு. பயிற்சி ஆசிரியரை உருவாக்கும் மூத்தவருக்கும் இதில் ஊதியம் உண்டு என்பதை நாம் உய்த்துணரலாம்.

எழும்பூரில் நடந்த சோதனை

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் வழக்கம் இருந்தது. 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே கீழ்வகுப்புக்கு எழுத்துக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் இதைப் பற்றி அவர் நூல் வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

மலிவான செலவில் பலருக்கு எழுத்தறிவு தந்தது அம்முறையின் சிறப்பு. ஆனால் சட்டாம்பிள்ளை தான் மனனம் செய்ததையே ஒப்பிப்பான். ஒரு பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்று ஆராய அவனுக்குத் தெரியாது. இக்குறையை நீக்கவே ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் தேவைப்பட்டன. சென்னையில் 1856-இல் தொடங்கிப் பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் கல்லூரி அவற்றுள் ஒன்று.

ஆணையங்கள் சொன்னவை

1964–66-ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு, கற்பித்தல் பயிற்சி சில வாரங்களேனும் தொடர்ந்து நடைபெற வேண்டும் என்றும், பயிற்சிக்கு இடந்தரும் பள்ளிகளை ஒத்துழைக்கும் பள்ளிகளாக ஏற்று மேற்பார்வைக்குத் தனி மானியம் வழங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளியில் செலவிட வேண்டிய காலத்தை இருபது வாரமாக உயர்த்தின. இலங்கையில் 1980-களின் நடுவில் தொடங்கப்பட்ட தேசியக் கல்வியியற் கல்லூரிகள், இரண்டாண்டுப் படிப்புக்குப் பின் மூன்றாம் ஆண்டு முழுவதையும் பள்ளிப் பயிற்சிக்கு ஒதுக்கும் திட்டத்தோடு நடந்தன.

வாரங்களை நீட்டியாயிற்று. ஆனால் அந்த வாரங்களில் பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பயன் அடங்கியிருக்கிறது.

ஒரு பாடத்தைக் கொண்டு பார்ப்போம்

எட்டாம் வகுப்பில் பயிற்சி ஆசிரியை ஒருவர் சுண்ணாம்புக்கல் பற்றிப் பாடம் நடத்துகிறார் என்று கொள்வோம். கால்சியம் கார்பனேட்டின் வாய்பாட்டையும் சமன்பாட்டையும் பலகையில் பிழையின்றி எழுதுகிறார். பிள்ளைகளும் பிழையின்றி எழுதிக்கொள்கின்றனர். மணி அடிக்கிறது.

பயிற்சி பெறாத வழிகாட்டி, "நன்றாக இருந்தது அம்மா" என்று பாடக்குறிப்பேட்டில் கையெழுத்திடுவார். அல்லது வகுப்பின் நடுவே எழுந்து தாமே பாடத்தை நடத்தத் தொடங்கிவிடுவார். முன்னதில் ஆசிரியை எதையும் கற்கவில்லை. பின்னதில் பிள்ளைகள் முன் அவர் மதிப்பை இழக்கிறார்.

பயிற்சி பெற்ற வழிகாட்டி மூன்று வேலைகள் செய்வார். பாடத்துக்கு முன், "பிள்ளைகள் இன்று எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?" என்று கேட்டு, குறிப்பை அவரோடு அமர்ந்து பார்ப்பார். பாடம் நடக்கையில் பின்வரிசையில் அமர்ந்து, எந்தக் கேள்விக்கு எத்தனை பிள்ளைகள் விடை சொன்னார்கள், எவர் வாய் திறக்கவே இல்லை என்று குறித்துக்கொள்வார். பாடம் முடிந்ததும் தனியே அழைத்து, "புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்பார். பத்துக் குறைகளை அடுக்காமல், மறுநாள் மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் இருவருமாக முடிவு செய்வார்கள்.

மறுநாள் பிள்ளைகள் ஊர்க் கல்லைக் கொண்டு வருகின்றனர். அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஆசிரியை சில துளி விட, நுரைத்துப் பொங்குகிறது. வெளிவரும் வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்குகிறது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் பதிந்துள்ள சிப்பிகள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததைக் காட்டுகின்றன. சிமெண்ட் ஆலைக்குச் செல்லும் லாரியில் தினமும் பார்த்த கல்லும் பலகையில் எழுதிய வாய்பாடும் ஒன்றே என்று அன்று பிள்ளைகளுக்கு விளங்கும். சமன்பாடு மாறவில்லை, ஒரு கேள்வி பாடத்தை மாற்றிவிட்டது.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

அத்தகைய கேள்வியைக் கேட்பது தானே வந்துவிடாது. பாடத்தை உற்று நோக்கிக் குறிப்பெடுத்தல், கண்டதையும் தாம் கருதியதையும் பிரித்துச் சொல்லுதல், மனம் நோகாமல் குறை கூறுதல், தம் வகுப்பைத் திறந்து வைத்து மற்றவரைப் பார்க்க விடுதல், தாம் ஏன் அப்படிச் செய்தோம் என்பதை விளக்குதல் ஆகியவற்றை மூத்த ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பழக வேண்டும். கடைசியாகச் சொன்னதே மிகக் கடினம். நீந்தத் தெரிந்தவரிடம் எப்படி நீந்துகிறீர்கள் என்று கேட்டால், குதித்துத்தான் காட்டுவார்; சொல்லத் திணறுவார்.

பயிற்சியோடு நேரமும் வேண்டும். பாடவேளைகள் நிறைந்த ஆசிரியர் எப்போது அமர்ந்து பேசுவார்? வாரத்தில் ஓரிரு பாடவேளைகளையாவது கால அட்டவணையிலேயே இதற்கென ஒதுக்க வேண்டும். நான் பள்ளியில் படித்தபோது, பயிற்சிக்கு வந்தவர்கள் ஆசிரியர் இல்லாத வகுப்பைச் சத்தமின்றி வைத்திருக்கவே அடிக்கடி அனுப்பப்பட்டனர். காலியிடத்தை நிரப்ப வந்தவர்களாக அவர்களை நடத்தினால், வாரங்கள் எத்தனை கூடினாலும் பயனில்லை.

முடிவுரை

கட்டடமும் கருவியும் பாடநூலும் கல்விக்கு இன்றியமையாதவை. எனினும், ஒரு நல்லாசிரியர் பணி ஓய்வு பெறும் நாளில் அவரது முப்பதாண்டு அனுபவம் அவரோடு பள்ளி வாயிலைத் தாண்டிப் போய்விடுமானால், அது நாம் கண்கூடாகக் காணாத பேரிழப்பு. அதைக் கைமாற்றிக் கொடுக்கும் கலையே வழிகாட்டி ஆசிரியர் பயிற்சி. நண்பர்களே, பயிற்சிக்குச் செல்லும்போது நாமும் வெறும் கையெழுத்துக்காகக் குறிப்பேட்டை நீட்டாமல், "ஐயா, இன்று என் பாடத்தில் எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை?" என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை சொல்லும் ஆற்றலையும் நேரத்தையும் அவருக்கு அளிப்பது கல்வித் துறையின் கடமையாகும்.