பதவியின் முகவரி

நுழையும்முன்

அரசு அலுவலர் ஒருவரின் பெயரும் பதவியும் ஊதியமும் மக்கள் அறிய வேண்டியவை. அவர் குடியிருக்கும் வீட்டின் கதவு எண்ணும் அவ்வாறே அறியத்தக்கதா? தகவல் அறியும் உரிமையும் தனியுரிமையும் எதிரெதிரே நிற்கும் இவ்வினாவைச் செங்கல்பட்டு மண்ணில் நின்று ஆராய்கிறது இப்பாடம்.

இரண்டு மனுக்கள்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்தடுத்துக் கடக்கின்றன. பாறையைக் குடைந்து அமைத்த பாடலாத்ரி நரசிம்மர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றி இன்று மறைமலைநகர்த் தொழிற்சாலைகளும் மகேந்திரா தொழில் நகரமும் எழுந்துள்ளன. வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறிவரும் பகுதி இது. இங்கே பட்டா மாறுதல் ஆணையில் இடப்படும் ஒரு கையொப்பம் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைத் தாங்கி நிற்கும். ஆகவே கையொப்பமிடுபவரை ஊர் உற்றுநோக்குகிறது. அது தேவையானதும்கூட.

இப்பகுதியின் வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றிற்கு ஒரே நாளில் இரண்டு மனுக்கள் வருவதாகக் கொள்வோம். இரண்டிலும் பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டப்பட்டுள்ளது. முதல் மனுவை எழுதியவர் ஒரு விவசாயி. தம் விண்ணப்பம் எந்த அலுவலரின் மேசையில் எத்தனை நாள் இருந்தது, என்ன காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டது என்று கேட்கிறார். இரண்டாவது மனு, அதே அலுவலரின் வீட்டு முகவரியையும் அவர் பிள்ளைகள் பயிலும் பள்ளியின் பெயரையும் கேட்கிறது.

ஏன் கேட்கிறீர்கள் என்று இருவரிடமும் வினவ இயலாது. தகவல் கோருபவர் காரணம் கூற வேண்டியதில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எளியவர் அச்சமின்றிக் கேட்பதற்காக வைக்கப்பட்ட வாயில் அது. ஆனால், அவ்வாயில் வழியே தீய நோக்கமுடையவரும் நுழையலாம். எனவே, பொதுத் தகவல் அலுவலர் கேட்பவரின் மனத்தை எடைபோட முடியாது. கேட்கப்படும் தகவலைத்தான் எடைபோட வேண்டும்.

உத்திரமேரூர் காட்டும் பழமை

ஆட்சியாளரின் கணக்கை ஊர் கேட்பது இப்பகுதிக்குப் புதிதன்று. சிங்கப்பெருமாள் கோயிலுக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகப் பேசுகின்றன. வாரியத்தில் இடம்பெறுபவர் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராக இருத்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய உறவினர்க்கும் அத்தடை உண்டு.

இங்கே வீடு என்பது பதவிக்குரிய தகுதி. ஒருவரையொருவர் நேரில் அறிந்த ஊரில் அது மறைக்க வேண்டிய செய்தியும் அன்று. இன்றைய நிலை வேறு. அலுவலர் எங்கோ பிறந்து, எங்கோ வசித்து, வேறோர் ஊரில் பணியாற்றுகிறார். அவருடைய முகவரி ஒருமுறை தாளில் ஏறிவிட்டால், அவரை ஒருநாளும் கண்டிராத பல்லாயிரவர் கைப்பேசிக்கு அது சில நொடிகளில் சென்றுவிடும். திரும்பப் பெற வழியில்லை.

சட்டம் எடைபோட்ட முறை

2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம், சில செய்திகளை யாரும் கேளாமலேயே வெளியிடுமாறு ஒவ்வோர் அலுவலகத்தையும் பணிக்கிறது. அலுவலர், பணியாளர் பட்டியலும் அவர்தம் மாத ஊதியமும் அவற்றுள் அடங்கும். மக்கள் வரிப்பணத்தில் தரப்படும் ஊதியம் மக்களுக்குத் தெரியலாம் என்பது அதன் கருத்து. வீட்டு முகவரி அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

அச்சட்டத்தின் 8(1)(ஒ) எனக் குறிக்கத்தக்க, ஆங்கில வரிசையில் 'ஜே' என வழங்கும் உட்பிரிவு, தனிநபர் தகவலைப் பற்றியது. அதன் மூல வடிவம் அலுவலரிடம் சில வினாக்களை எழுப்பச் சொன்னது. இத்தகவலுக்கும் பொதுப்பணிக்கும் தொடர்பு உண்டா? இதை வெளியிடுவது ஒருவரின் தனிவாழ்வில் தேவையின்றி நுழைவதாகுமா? அப்படியே ஆயினும், அதைவிடப் பெரிய பொதுநலன் வெளியீட்டைக் கோருகிறதா? மேலும், உயிருக்கோ உடலுக்கோ ஊறு விளைவிக்கக்கூடிய தகவலைத் தரமறுக்க 'ஜி' என்னும் உட்பிரிவு தனியே இடமளிக்கிறது.

நம் இரண்டாவது மனுவை இத்தராசில் வைத்தால் விடை உடனே கிடைக்கும். வீட்டின் கதவு எண் அலுவலகத்தின் செயலைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

செங்கல்பட்டுச் சிறையிலிருந்து ஒரு வழக்கு

இந்தத் தராசின் அடிப்படையை உருவாக்கிய தீர்ப்புகளுள் ஒன்று செங்கல்பட்டோடு தொடர்புடையது. ஆறு கொலை வழக்குகளில் 'ஆட்டோ' சங்கர் என்பவருக்கு 1991 மே 31 அன்று செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. செங்கல்பட்டுக் கிளைச்சிறையில் இருந்தபோது அவர் தன்வரலாறு எழுதினார் என்றும், அதில் உயர் அலுவலர் சிலருடனான தொடர்புகள் பேசப்பட்டிருந்தன என்றும் 'நக்கீரன்' இதழினர் கூறினர். அதனை வெளியிட வேண்டாம் எனச் சிறைத்துறைத் தலைவர் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

1994 அக்டோபர் 7 அன்று வழங்கப்பட்ட இராஜகோபால் வழக்குத் தீர்ப்பு, வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அலுவலர்க்கோ அதிகாரமில்லை என்றது. தன்னைத் தன்போக்கில் இருக்கவிடுமாறு கேட்கும் உரிமை குடிமக்கள் அனைவர்க்கும் உண்டு. எனினும், பொதுப்பணியில் இருப்பவர் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு அவ்வுரிமையைத் திரையாக்க முடியாது. கடமையோடு தொடர்பற்றவற்றில், ஏனைய குடிமக்களுக்குள்ள அதே பாதுகாப்பு அவருக்கும் உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையென உறுதிசெய்தது.

வியப்பென்னவெனில், அதே 1994ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வீட்டு முகவரி பற்றிய வழக்கொன்றைத் தீர்த்தது. கூட்டரசுப் பணியாளரின் வீட்டு முகவரிகளைத் தொழிற்சங்கங்கள் கேட்டிருந்தன. அரசு என்ன செய்கிறது என்பதை அம்முகவரிகள் காட்டமாட்டா என்று கூறி, நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அச்சம் கற்பனை அன்று

2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைக் குறித்துப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அலுவலகம் ஊரறிந்த இடம். அதை மறைக்க இயலாது. அத்தகைய அலுவலரின் குடும்பம் உறங்கும் இடத்தையும் ஊரறிய வைக்க வேண்டுமா? 2020 ஜூலையில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், நீதிபதி எஸ்தர் சலாசின் வீட்டு வாயிலில் பொருள் கொண்டுவருபவர்போல் வந்து நின்றவன், கதவைத் திறந்த அவர்தம் மகனைச் சுட்டுக் கொன்றான். அவ்வாண்டே அம்மாநிலம் நீதிபதிகள், காவலர் முதலியோரின் வீட்டு முகவரிகளைக் காக்கும் சட்டத்தை அம்மகனின் பெயரால் இயற்றியது.

ஆயுதம் ஏந்தியவர்கள் அலுவலரை மட்டும் தேடுவதில்லை. கேள்வி கேட்டவரையும் தேடுகிறார்கள். 2010ஆம் ஆண்டில் புனேயில் சதீஷ் ஷெட்டியும் அகமதாபாத்தில் அமித் ஜேத்வாவும் கொல்லப்பட்டனர். இருவரும் தகவல் உரிமையைப் பயன்படுத்தி முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தவர்கள். மனுதாரர் தம் வீட்டு முகவரிக்கு மாற்றாக அஞ்சல்பெட்டி எண்ணைத் தரலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் கூறியதை இத்துடன் இணைத்துப் பார்க்க வேண்டும்.

முகவரியே கடமையாகும்போது

ஒரு சிக்கல் எஞ்சுகிறது. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர் தம் பணிக்கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. நள்ளிரவில் ஏரிக்கரை உடைந்தால், முதலில் வந்து நிற்க வேண்டியவர் அவரே. 'எங்கள் ஊர் அலுவலர் இங்கே குடியிருக்கிறாரா?' என்று ஒருவர் கேட்டால், அது வீட்டைப் பற்றிய கேள்விபோல் தோன்றினும் பணியைப் பற்றிய கேள்வியே. அதற்கு விடை தந்தாக வேண்டும். 'ஆம், இவ்வூரில் வசிக்கிறார்' அல்லது 'இல்லை, வெளியூரில் வசிக்கிறார்' என்பதே போதும். தெருவும் கதவு எண்ணும் வேண்டா. ஓர் ஆவணத்தில் தரத்தக்கதையும் மறைக்கத்தக்கதையும் பிரித்துத் தரச் சட்டத்தின் 10ஆம் பிரிவு வழிசெய்கிறது. சோம்பலுற்ற அலுவலகங்கள் இப்பிரிவை மறந்து, மனு முழுவதையும் மறுத்துவிடுவதுண்டு.

மாறிய உட்பிரிவு

2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மேலே கண்ட 'ஜே' உட்பிரிவைச் சுருக்கியது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது அங்கே வினாக்கள் இல்லை. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். பொதுநலன் பெரிதாயின் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு மட்டும் நீடிக்கிறது.

அலுவலரின் வீட்டைக் காக்க இத்திருத்தம் தேவைப்பட்டதா? பழைய தராசே அதைக் காத்து நின்றது. புதிய மதிலோ வேறு பலவற்றையும் மறைக்கக்கூடும். 1990களில் இராஜஸ்தான் சிற்றூர்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய பொதுவிசாரணைகளில், வேலைக்கு வந்தோரின் வருகைப்பட்டியல்கள் உரக்கப் படிக்கப்பட்டன. இறந்தவர் பெயரும் வேலையே செய்யாதவர் பெயரும் அவற்றில் இருப்பதைக் கூடியிருந்தோர் கண்டுபிடித்தனர். அவ்விசாரணைகளிலிருந்தே தகவல் உரிமைக்கான இயக்கம் வலுப்பெற்றது. பெயரும் தனிநபர் தகவல்தான்.

தெரியுமா?

நடுவண் அரசின் சட்டத்திற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, 1997இல் தமிழ்நாடு தகவல் பெறும் உரிமைக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதி அரசு அலுவலகம் ஒன்றின் தகவல் பலகையைப் பார்வையிட்டு, அதில் உள்ளவற்றையும் சட்டப்படி இருந்திருக்க வேண்டியவற்றையும் பட்டியலிடுக.

பாடத்தில் கண்ட இரண்டு மனுக்களுக்கும் பொதுத் தகவல் அலுவலராக இருந்து விடைக்கடிதங்கள் எழுதுக. இரண்டாம் மனுவில் தரத்தக்க பகுதி ஏதேனும் உண்டா என வகுப்பில் கலந்துரையாடுக.