தாடை விலகினால்

ஒருவர் பெரிய கொட்டாவி விடுகிறார். திறந்த வாய் மூடுவதில்லை. பேச்சுக் குழறுகிறது, எச்சில் வடிகிறது. சுற்றி நிற்பவர்கள் பாரிசவாதம் என்பார்கள். பேய் பிடித்ததென்று சொல்வோரும் உண்டு. கை, கால் சோராமல் வாய் மட்டும் திறந்தபடி நின்றால், பெரும்பாலும் தாடை மூட்டு விலகியிருக்கிறது. கை, கால் சோர்ந்திருந்தால் அது வேறு. ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

காதுக்கு முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அங்கே அசைவதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அது மண்டையோட்டின் குழியொன்றில் அமர்ந்திருக்கிறது. வாயை அகலத் திறக்கும்போது முன்னேயுள்ள மேட்டை நோக்கி வழுக்கும். மேட்டைத் தாண்டிவிட்டால், வரம்பு தாண்டி இறங்கிய வண்டிச்சில்லுப்போல அங்கேயே நின்றுவிடும். மெல்லும் தசைகள் இறுகித் திரும்ப விடா. ஒரு பக்கம் மட்டும் விலகினால் நாடி மறுபக்கம் கோணும்.

இதற்கான சிகிச்சை மிகப் பழையது. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்திய மருத்துவச் சுவடியிலேயே, பெருவிரல்களை வாயினுள் வைத்துத் தாடையை இருத்தும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. இன்றும் வைத்தியர் கடைவாய்ப் பற்களின்மேல் பெருவிரலால் கீழே அழுத்தி, பின்பு பின்னோக்கித் தள்ளுகிறார். சொல்ல இலகுதான். ஆனால் எமது தொண்டர்கள் இதைச் செய்துபார்க்க வேண்டாம். தாடை சட்டென்று மூடும்போது விரல் கடிபடும். அடிபட்டு விலகியதாயின் எலும்பும் முறிந்திருக்கலாம். கன்னத்தில் அறைந்து வாயை மூடவைப்பது இன்னும் மோசம். ஒட்டகப்புலம் போன்ற ஊர்களின் முறிவு நெரிவு வைத்தியர்களது கைத்திறனை நாம் மதிக்கிறோம். எனினும் அடிபட்ட தாடைக்கு எக்ஸ்ரேயே முதலில்.

நோயாளியைச் சற்று முன்சாய்த்து இருத்தி, எச்சிலை வடியவிடுங்கள். நாடியைத் துவாயால் தாங்குங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். உணவோ தண்ணீரோ கொடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தின் இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. நேரம் செல்லச் செல்லத் தசை இறுகி, இருத்துவது கடினமாகும்.

ஒருமுறை விலகிய மூட்டு மறுபடியும் விலகக்கூடும். ஆகவே சில வாரங்களுக்குக் கூழ், குழைந்த சோறு போதும்; புழுக்கொடியலைத் தொடவேண்டாம். கறுத்தக்கொழும்பானையும் துண்டாக வெட்டியே உண்ணவேண்டும். கொட்டாவி வந்தால் நாடியின் கீழ் முட்டியை முட்டுக்கொடுங்கள். (எமது கூட்டங்களில் இதற்கு நல்ல பயிற்சி கிடைக்கும்.) பல் பிடுங்கப் போகுமுன் பல் வைத்தியரிடம் முன்பு விலகியதைச் சொல்லுங்கள். வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்படும் சில மருந்துகளாலும் தாடைத் தசை இழுபட்டு மூட்டு விலகலாம். அம்மருந்தைத் தாமாக நிறுத்தாமல், கொடுத்த வைத்தியரிடமே உடனே காட்டவேண்டும்.